மத்தியானத்தில் மட்டும் முறிந்த சோதனை

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் எங்கள் வீட்டு மேற்குப் பக்க அறையில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் உழைத்த மெஷின், நான்கு ஜிபி நினைவகம். அதில் லினக்ஸ் இயங்குதளத்தின் சோதனைத் தொகுப்பு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை ஆறு மணிக்கு ஓட்டினால் ஒரு குறிப்பிட்ட சோதனை தேறியது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஓட்டினால் அதே சோதனை முறிந்தது. இடையில் நான் எதையும் தொடவில்லை. கர்னலும் அதேதான், சோதனையும் அதேதான். சித்திரை மாதம். மூன்று நாளாக இதே கதை.

பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து என்னோடு இந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, சாயந்திரம் ஓட்டினா சரியாயிடுதே. அப்புறம் எதுக்கு இதையே பாத்துட்டிருக்கீங்க?" அன்றைக்கு அவளுக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையாக நீண்டிருக்கிறது.

முதலில் எதைச் சோதிக்கிறோம் என்று பார்த்துவிடலாம். நாம் திறக்கும் எந்த மென்பொருளும் வட்டையோ நினைவகத்தையோ தானாகத் தொடுவதில்லை. இந்தக் கோப்பைத் திறந்து கொடு, இவ்வளவு நினைவகம் ஒதுக்கு, இன்னொரு நிரலைத் தொடங்கு, இத்தனை விநாடி என்னைத் தூங்க வை என்று எல்லாவற்றையும் இயங்குதளத்தின் நடுவில் இருக்கும் கர்னலிடம் கேட்டுத்தான் வாங்குகிறது. இந்தக் கோரிக்கைகளுக்கு சிஸ்டம் கால் என்று பெயர். லினக்ஸில் முந்நூறுக்கு மேல் உண்டு.

கர்னல் சரியான கோரிக்கைக்குச் சரியான பதில் தர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறான கோரிக்கையைச் சரியான காரணம் சொல்லி மறுப்பதும் அதன் கடமை. இல்லாத கோப்பைத் திற என்றால் 2 என்ற பிழை எண் வர வேண்டும். அனுமதியில்லாத கோப்பு என்றால் 13. வட்டில் இடம் இல்லை என்றால் 28. கோப்பின் பெயர் மிக நீளம் என்றால் 36. இப்படி ஒரு கோரிக்கையே எனக்குத் தெரியாது என்றால் 38. நல்ல சோதனைத் தொகுப்பில் கணிசமான வேலை இந்த மறுப்புகளைச் சரிபார்ப்பதுதான். ஒரு சோதனை, தவறான மதிப்பைக் குறிக்கும் 22-ஐ எதிர்பார்த்து 38-ஐப் பெற்றால், "கோரிக்கையைத் தவறாகக் கையாண்டது" என்று கர்னலைக் குறை சொல்ல முடியாது. அந்த வசதியையே சேர்க்காமல் கட்டிய கர்னல் அது. எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தேடும் திசை மாறிவிடுகிறது.

நான் ஓட்டுவது லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் என்ற தொகுப்பு. 2000-ஆம் ஆண்டு எஸ்ஜிஐ நிறுவனம் தொடங்கியது. பிறகு ஐபிஎம், ரெட் ஹேட், சூசே, ஃபுஜிட்சு, ஆரக்கிள் போன்ற நிறுவனங்களின் பொறியாளர்களும் பலப்பல தனி ஆட்களும் வளர்த்தார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம், திருத்தலாம். உள்ளே ஆயிரக்கணக்கான சின்ன நிரல்கள். ஒவ்வொன்றும் கர்னலிடம் ஒன்றைக் கேட்டு, வந்த பதிலை வர வேண்டிய பதிலோடு ஒப்பிடும்.

இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது முடிவுகளைப் பிரிக்கும் விதம். பாஸ், ஃபெயில் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றோடு ப்ரோக் என்றும் கான்ஃப் என்றும் இரண்டு உண்டு. ஒரு மாணவர் கணக்குத் தேர்வு எழுதித் தேறவில்லை என்றால் அது ஃபெயில். தேர்வு மையத்துக்கு வினாத்தாளே வந்து சேரவில்லை என்றால் அது ப்ரோக். அந்த மாணவருக்குக் கணக்கு வருமா வராதா என்பது பற்றி அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியவரவில்லை. அவர் கணக்குப் பாடமே எடுக்காதவர் என்றால் அது கான்ஃப். மூன்றையும் "தேறவில்லை" என்று ஒரே பட்டியலில் எழுதினால் எவ்வளவு பெரிய அநியாயம்! ஆனால் சோதனை முடிவுகளைப் பார்க்கும் பலரும் சிவப்பாக இருப்பதையெல்லாம் ஒரே கூடையில்தான் போடுகிறார்கள்.

சோதனை நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. ஃபெயிலுக்கு 1, ப்ரோக்குக்கு 2, எச்சரிக்கைக்கு 4, கான்ஃபுக்கு 32. எண் 3 என்றால் ஃபெயிலும் ப்ரோக்கும் சேர்ந்து நடந்திருக்கிறது. 137 என்றால் வேறு சேதி. 128-ஓடு 9-ஐக் கூட்டிய எண் அது. 9 என்பது இரக்கமில்லாமல் கொல்லும் சமிக்ஞை. நினைவகம் தீர்ந்துபோய் கர்னலே அந்த நிரலைப் பலி கொடுத்திருக்கலாம். 139 என்றால் 128-ஓடு 11: தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டு நிரல் விழுந்திருக்கிறது. நான்கு ஜிபி மெஷினில் 137-ஐப் பார்த்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, "பக்கத்தில் பிரவுசர் திறந்திருந்ததா?" என்பதுதான்.

மத்தியானத்துக்கு வருகிறேன்.

முறிந்த சோதனையின் லாகில், கால வரம்பைத் தாண்டிவிட்டதால் நிரல் கொல்லப்பட்டது என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஓர் அறிவுரை: மெஷின் மெதுவானது என்றால் கால வரம்பைப் பெருக்கும் எண்ணைக் கூட்டிப் பாருங்கள். கூட்டியிருக்கலாம். சிவப்பு மறைந்திருக்கும். ஆனால் காலையில் மெதுவாக இல்லாத மெஷின் மத்தியானத்தில் ஏன் மெதுவாகிறது என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

அதைவிட முக்கியமாக, அன்றைக்கு இருந்தது ஒரு சிவப்பு அல்ல, ஐந்து. காலம் தாண்டிய சோதனைக்குப் பிறகு வந்த நான்கும் விழுந்திருந்தன. மாணவி கடைசியாக விழுந்ததிலிருந்து படிக்கத் தொடங்கினாள். லாகை அப்படிப் படிக்கக் கூடாது என்பதை நான் நிறைய நாள் வீணடித்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைசி வரியில் இருப்பது அழுகுரல். அடிபட்ட இடம் எப்போதும் மேலேதான் இருக்கும். முதல் சிவப்பைப் பிடித்தோம். அந்தச் சோதனை ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அதையே ஒரு வட்டுபோல ஏற்றி, அதன்மேல் வேலை செய்வது. முடிந்ததும் தானே இறக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் போகும். நடுவில் 9-ஆம் சமிக்ஞையால் கொல்லப்பட்ட நிரலால் எப்படிச் சுத்தம் செய்ய முடியும்? அது ஏற்றி வைத்தது அப்படியே கிடந்தது. அடுத்து வந்த நான்கும் அதில் தடுக்கி விழுந்தன. தனித்தனியே ஓட்டினால் நான்கும் பாஸ்.

இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கர்னல் தன் போக்கில் எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் பார்க்க டிமெசேஜ் என்றொரு கமாண்ட் உண்டு. காலை ஓட்டத்தின் குறிப்பையும் மத்தியான ஓட்டத்தின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மத்தியானக் குறிப்பில் மட்டும் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: செயலியின் வெப்பம் எல்லையைத் தாண்டியது, கடிகார வேகம் குறைக்கப்பட்டது. செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. மேற்கு வெயில், தகரக் கூரை, விசிறியில் பல வருடத் தூசி. பின்மூடியைக் கழற்றித் தூசியை எடுத்தோம். மறுநாள் இரண்டு மணிக்கு ஐந்தும் பாஸ்.

"அப்போ கர்னல்ல தப்பே இல்லையா? மூணு நாள் வீண்தானா?" என்று அவள் கேட்டாள். வீணில்லை. அந்த மூன்று நாளுக்கு முன் அந்த மெஷின் காட்டிய எந்தச் சிவப்பையும் நம்பியிருக்க முடியாது. இப்போது நம்பலாம். ஒரு சோதனை விழுந்தால் சந்தேகப்பட வேண்டியவர்கள் நால்வர்: இயங்குதளம், சோதனை நிரல், சுற்றுச்சூழல், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாம் வைத்த எதிர்பார்ப்பு. முதல் மூன்றை எல்லோரும் விசாரிப்பார்கள். நான்காவது பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

அந்த நான்காவதைப் பிடிக்க எங்களுக்கு உதவியது கொம்யூன் என்ற சொல்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது அன்றாடச் சொல். உள்ளாட்சிப் பகுதியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்; பிரெஞ்சு ஆட்சி போனாலும் பஞ்சாயத்துக்கு முன்னால் கொம்யூன் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மாணவி தமிழ்ப் பெயருள்ள கோப்புகளுக்காக ஒரு சின்னச் சோதனை எழுதியிருந்தாள். கோப்பை உருவாக்கும், பட்டியலில் தேடும், அழிக்கும், அவ்வளவுதான். அவள் வைத்த பெயர்களில் ஒன்று, "வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து வீட்டுவரி ரசீது 2016-2017", கடைசியில் புள்ளியும் பிடிஎஃப் ஒட்டும். அவள் லேப்டாப்பில் பாஸ். என்னுடையதில் ஃபெயில், பிழை எண் 36. பெயர் மிக நீளம்.

லினக்ஸில் பரவலாக உள்ள ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட் வரை போகலாம். எழுத்து அல்ல, பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழுக்கு யுனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8 முறைப்படி மூன்று பைட். நாம் ஓர் எழுத்து என்று எண்ணும் "வி" அங்கே இரண்டு குறியீடு: "வ" ஒன்று, இகரக் குறி ஒன்று. ஆக ஆறு பைட். புள்ளி வைத்த மெய்யும் அப்படியே. வில்லியனூர் என்ற ஆறு எழுத்துக்கு 33 பைட். கொம்யூனுக்கு 24. பஞ்சாயத்துக்கு 30. மாணவி வைத்த முழுப் பெயரும் 147 பைட். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் 59-இல் முடிந்துவிடும்.

147 என்பது 255-க்கு உள்ளேதானே? என் மெஷினில் ஏன் விழ வேண்டும்? அங்கேதான் இரண்டு மெஷினுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடினோம். நான் பல வருடம் முன்பு உபுண்டு நிறுவும்போது வீட்டுக் கோப்புறையை மறையாக்கம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தேன். ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற அந்த முறை கோப்பின் பெயரையும் மறைத்து எழுதும். மறைத்த பெயர் அசல் பெயரைவிட நீண்டுவிடும் என்பதால், அடியில் உள்ள 255-க்குள் அடங்க அசல் பெயருக்கு 143 பைட்தான் மிஞ்சும். எங்கள் பெயர் 147. பிடிஎஃப் ஒட்டும் அதன் புள்ளியும் சேர்ந்து நான்கு பைட். அதை எடுத்துவிட்டால் சரியாக 143. எடுத்துப் பார்த்தோம், பாஸ் ஆனது. அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று தோன்றும். "ஏதோ நீளப் பிரச்சினை" என்று விட்டுவிடாமல் எந்த பைட்டில் விழுகிறது என்று கண்டுபிடித்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இதில் கர்னல் குற்றவாளி இல்லை. தன் வரம்பை அது சரியாகவே சொன்னது. எல்லா இடத்திலும் 255 கிடைக்கும் என்று சோதனை எதிர்பார்த்ததுதான் தவறு. கோப்பு முறையிடமே "உன் வரம்பு எவ்வளவு?" என்று கேட்க ஒரு சிஸ்டம் கால் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சோதிக்கும்படி அவள் மாற்றி எழுதினாள்.

அதே சொல் இன்னொரு தடவையும் எங்களை மடக்கியது. பழைய மேக் கணினி ஒன்றிலிருந்து வந்த கோப்புகளை வைத்து அதே சோதனையை ஓட்டியபோது திரையில் வந்த முடிவு இது: "கொம்யூன்" கிடைக்கவில்லை; கிடைத்தது "கொம்யூன்". இரண்டையும் கண்ணை இடுக்கிப் பார்த்தோம். எந்த வேறுபாடும் தெரியவில்லை.

கண்ணால் பார்த்துத் தீராத இடத்தில் பைட்டை எண்ண வேண்டும். ஒன்றில் 24 பைட், இன்னொன்றில் 27. ஒகரக் குறியை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். "கொ" என்பதில் கவைத்தாற்போல் இருபுறமும் நிற்கும் குறி முழுவதும் ஒரே குறியீடாக இருக்கலாம். அல்லது முன்னால் உள்ள ஒற்றைக் கொம்பும் பின்னால் உள்ள காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கலாம். இரண்டும் சமம் என்றுதான் யுனிகோடு தரம் சொல்கிறது. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைமை. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். ஈஎக்ஸ்டி4 இயல்பில் எதையும் பிரிப்பதுமில்லை, சேர்ப்பதுமில்லை; பெயர் அதற்கு வெறும் பைட் வரிசை. 2019-இல் வந்த 5.2 கர்னலில், கேட்டுக்கொண்ட கோப்புறையில் மட்டும் சமமான வடிவங்களை ஒன்றாகப் பார்க்கும் வசதி சேர்ந்தது. மற்றபடி ஒரே கோப்புறையில் "கொம்யூன்" என்ற பெயரில் இரண்டு கோப்பு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும்.

பிரெஞ்சுக்காரர்கள் கஃபே என்ற சொல்லின் கடைசி எழுத்தில் இடும் கோட்டுக்கும் இதே கதிதான். வெறும் ஆங்கில எழுத்துகளை வைத்து எழுதிய சோதனைகள் ஆயிரம் ஓடினாலும் இந்த இடத்தைத் தொடாது. தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கும் ஒருவர் தொட்டுத்தான் ஆக வேண்டும். நம் ஊர்ப் பெயர்களைச் சோதனையில் போடுவது வெறும் பாசத்தினால் மட்டுமல்ல என்று நான் அவளிடம் சொல்வது இதனால்தான். சொர்ணாவூர், சோழன், கொம்யூன் எல்லாமே நல்ல சோதனைச் சொற்கள்.

நேரமும் இப்படித்தான். உலகின் பெரும்பாலான நேர மண்டலங்கள் முழு மணிக்கணக்கில் விலகியிருக்க, நமது 5 மணி 30 நிமிடம். மணியை மட்டும் கழித்துக் கணக்கிடும் சோதனை இந்தியாவில் விழும். இன்னும் ஆழமாகத் தோண்டினால் சென்னை வருகிறது. கணினிகளில் உள்ள நேர மண்டலத் தரவுத்தளத்தில் ஆசியா/கொல்கத்தா என்ற பதிவைப் பார்த்தால், 1870 முதல் 1906 தொடங்கும்வரை இந்தியாவுக்கு மதராஸ் நேரம்தான் குறித்திருக்கிறது. அது 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே செல்வது, மதராஸ் வானாய்வகத்தின் கணக்கு. எங்காவது ஒரு சோதனை 1900 ஜனவரி 1-ஐ மாதிரித் தேதியாக எடுத்துக்கொண்டு, விலகல் முழு நிமிடமாக இருக்கும் என்று நம்பினால், லண்டனில் தேறி வில்லியனூரில் விழும். லாகில் அந்த 10 விநாடியைப் பார்த்ததும் "கடிகாரச் சிப் பழுது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒருவகையில் எளிய நோய்கள். ஒரே சூழலைத் திரும்ப அமைத்தால் ஒவ்வொரு தடவையும் விழும். கடினமானவை எப்போதாவது விழுபவை.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாள் கழித்து, வானிலைத் தரவுகளைச் சேகரிக்கத் தொடங்கியபின், அதன் கணினி அவ்வப்போது தானாக மறுதொடக்கம் ஆனது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம். நடந்ததை நம் ஊர் வழியில் சொல்கிறேன். ஒரே பம்ப்செட் கொட்டகைக்கு ஒரே சாவி. சாவியைக் கடைநிலை ஆள் ஒருவர் வாங்கிப்போயிருக்கிறார். மிக அவசரமான ஆள் சாவிக்காகக் காத்திருக்கிறார். கடைநிலை ஆள் வேலையை முடித்தால்தானே சாவி திரும்பும்? நடுநிலையில் உள்ள வேறொருவர் வந்து, கொட்டகைக்குச் சம்பந்தமே இல்லாத தன் வேலையால் கடைநிலை ஆளை நிறுத்திவைத்துவிடுகிறார். கடைசியில் அவசரக்காரர்தான் எல்லோருக்கும் பின்னால் போகிறார். கலத்தில் அந்த அவசர வேலை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் பொறிமுறை, ஏதோ பெரிய கோளாறு என்று கணினியையே மறுதொடக்கம் செய்தது.

பூமியில் இருந்த அதே மாதிரிக் கணினியில் பொறியாளர்கள் நிலைமையைத் திரும்ப வரவழைத்தார்கள். சாவி வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் அவசரத்தையே தற்காலிகமாகக் கொடுக்கும் ஓர் அமைப்பு விஎக்ஸ்வொர்க்ஸில் ஏற்கெனவே இருந்தது. அந்த இடத்தில் அணைந்திருந்தது. அதை ஏற்றிவிட்டார்கள், மறுதொடக்கம் நின்றது. என்னை இன்றும் யோசிக்க வைப்பது வேறு. கலம் கிளம்பும் முன்பே சோதனைகளில் இந்த மறுதொடக்கம் தலைகாட்டியிருந்தது. தேடிப்போனபோது திரும்ப வரவில்லை. இறங்கும் கட்டத்துக்கான மென்பொருளில் கவனம் செலுத்த வேண்டிய நேரம் அது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல, உலகத்தின் மிகச் சிறந்த ஆட்கள். அப்படியிருந்தும், திரும்ப வராத பிழை போய்விட்டதாகத் தோன்றும் அந்த வழுக்கலில் எவரும் சறுக்கலாம்.

இதை உணர ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு சோதனை 20-க்கு 1 தடவை விழும் தன்மை உடையது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 20 தடவை ஓட்டி ஒருமுறைகூட விழவில்லை. சரியாகிவிட்டதா? பிழை அப்படியே இருந்தும் 20 தடவையும் தப்பிக்க 100-க்கு 36 வாய்ப்பு இருக்கிறது. ஏறக்குறைய 60 தடவை ஓட்டினால்தான் அந்த வாய்ப்பு 5-க்குக் கீழே இறங்குகிறது. "இன்னொரு தடவை ஓட்டினா சரியாயிடுது" என்ற சொல்லுக்கு எவ்வளவு குறைந்த எடை என்று இதிலிருந்தே தெரியும்.

மெஷினின் வேகம் மாறினால் இந்த வாய்ப்பும் மாறும். டர்ட்டி கவ் என்று பெயர் வாங்கிய லினக்ஸ் ஓட்டை 2007 முதல் கர்னலில் இருந்து, 2016 அக்டோபரில்தான் அடைக்கப்பட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் நிர்வாகி அதிகாரத்தைக் கைப்பற்ற முடிகிற அளவுக்குப் பெரிய ஓட்டை. இரண்டு வேலைகள் ஒரே நினைவகப் பக்கத்தை நோக்கி ஓடும்போது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்துத் தலைகாட்டும் பிழை அது. இதே இடத்தை, அடைப்பதற்குப் பதினோரு வருடம் முன்பே, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சரிசெய்ய முயன்றிருந்தார். அந்தத் திருத்தம் வேறு சிக்கலால் விலக்கப்பட்டது. அன்றைக்கு ஏட்டளவில் மட்டும் சாத்தியமாக இருந்த ஓட்டம், கர்னல் வளர்ந்தபோது எளிதில் நடக்கக்கூடியதாகிவிட்டது. இப்போது அதற்கும் லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்டில் ஒரு சோதனை இருக்கிறது. இதுபோன்ற சோதனைகள் விழுந்தால், "உங்கள் கர்னலில் இந்தத் திருத்தம் இல்லாமல் இருக்கலாம்" என்று திருத்தத்தின் அடையாள எண்ணையும் காட்டும். இருக்கலாம் என்றுதான் சொல்கிறது; தீர்ப்பை நம்மிடம் விடுகிறது. எழுதியவர்களின் அந்த நிதானம் எனக்குப் பெரிய பாடம்.

சரி, கர்னலே குற்றவாளி என்று உறுதியானால்? போன பதிப்பில் தேறியது, இந்தப் பதிப்பில் விழுகிறது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள். எந்த மாற்றம் கெடுத்தது?

பாகூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் திறந்த தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வர வேண்டும். மதகில் தண்ணீர் இருக்கிறது, ஏரியில் இல்லை. எங்கே அடைப்பு? கரையோரமாக அடிக்கு அடி பார்த்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நேராக வாய்க்காலின் நடுவுக்குப் போங்கள். அங்கே தண்ணீர் ஓடினால் அடைப்பு ஏரிப் பக்கப் பாதியில். ஓடவில்லை என்றால் அணைக்கட்டுப் பக்கப் பாதியில். மிஞ்சிய பாதியின் நடுவுக்குப் போங்கள். லினஸ் 2005-இல் தொடங்கிய கிட் என்ற மென்பொருளில் பைசெக்ட் என்ற கமாண்ட் இதைத்தான் செய்கிறது. நடுவில் உள்ள மாற்றம் வரைக்குமான கர்னலைக் கட்டி, சோதனையை ஓட்டி, நல்லது அல்லது கெட்டது என்று சொன்னால் போதும். 16,000 மாற்றமானாலும் 14 தடவையில் குற்றவாளியின் முன் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஆனால் அந்த 14 பதிலில் ஒன்று தவறாகிவிட்டால்கூட, அடைப்பே இல்லாத பாதியில் மண்வெட்டியோடு நிற்போம். எப்போதாவது விழும் சோதனையை ஒரு தடவை ஓட்டி "நல்லது" என்று சொல்வது அப்படிப்பட்ட தவறு. அங்கேதான் முந்தைய கணக்கு உயிர் காக்கிறது. 20-க்கு 1 விழும் சோதனை என்றால் ஒவ்வொரு படியிலும் 60 தடவை. என் பழைய மெஷினில் ஒரு கர்னலைக் கட்டவே பல மணி நேரம். அந்த மெஷினுக்குத் தேவையான பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கட்டினால் வெகுவாகக் குறையும். இரவில் கரண்ட் போகாமல் இருந்தால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு படி. இரண்டு வாரம் ஆகலாம். அந்த இரண்டு வாரத்தின் முடிவில் கையில் இருப்பது ஒரு மாற்றத்தின் பெயர். அதை எழுதியவரிடம் நேராக அனுப்பலாம். "உங்கள் கர்னல் ஓடவில்லை" என்ற புகாருக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

புகார் எழுதுவதைப் பற்றி அவளுக்கு நான் கண்டிப்பாகச் சொல்லும் ஒன்று உண்டு. எத்தனை தடவை ஓட்டியதில் எத்தனை தடவை விழுந்தது என்று எழுத வேண்டும். முழு லாகும் வேண்டும், வெட்டிய துண்டு வேண்டாம். தனியாக ஓட்டினால் என்ன ஆகிறது என்பதும் வேண்டும். இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் எதிர்முனையில் இருப்பவர், தன் சொந்த நேரத்தில், நம் ஊரிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து, உதவுவதா என்று முடிவெடுப்பார்.

இந்த வேலைக்கு நம் கொம்யூன்கள் ஏற்ற இடம் என்று நான் மனதார நம்புகிறேன். பெரிய நிறுவனங்களின் சோதனைக் கூடங்களில் குளிரூட்டிய அறை, புத்தம்புதிய மெஷின், அறாத மின்சாரம். அங்கே 137 வராது, செயலி சூடாகி மெதுவாகாது, யாரும் கோப்புக்குக் கொம்யூன் என்று பெயர் வைக்க மாட்டார்கள். நம்மிடம் பழைய மெஷின்கள் நிறைய. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் (BOSS) லினக்ஸும் இருந்தது. அது டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் ஒரு நிரல்தொகுப்பின் புதுப் பதிப்பு அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் அதற்குரிய தானியங்கிச் சோதனைகள் ஓடும்; முன்பு தேறியது இப்போது விழுந்தால் நகர விடாது. அப்படி நிற்பவற்றைப் பார்த்துக் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல ஆட்கள் எப்போதும் தேவை. 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் டெபியன் ஆர்வலர்களின் மாநாடு ஒன்று விழுப்புரத்தில் நடந்தது, அங்குள்ள குனு லினக்ஸ் பயனர் குழுவின் ஏற்பாட்டில். வில்லியனூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் விழுப்புரம் எவ்வளவு தூரம்!

மாணவி இப்போது அந்தப் பழைய லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். எப்போதாவது விழும் ஒரு சோதனை எங்களிடம் இன்னும் மிச்சமிருந்தது. நான் ஓட்டிய 20 தடவையும் அது தேறியிருந்தது. 60 தடவை ஓட்டும்படி சொல்லி அனுப்பினேன். இன்று காலை போன் வந்தது.

"அண்ணா, நாப்பத்தேழாவது தடவைல விழுந்துச்சு."

"லாக் முழுசா இருக்காம்மா?"

"இருக்குண்ணா. முதல் சிவப்புலேர்ந்து படிச்சிட்டிருக்கேன்."